அமரர் ஊர்தியின் ஹீட்டர் பிளக்

ஜனவரி 5, திங்கள்

இன்று நடந்ததை இன்றே எழுதி வைக்கிறேன். கமிட்டி விளக்கம் கேட்கும். அப்போது எனக்குக் கோர்வையாகப் பேச வராது.

காலனி மேல்வரிசை தாமோதரன் ஐயாவைக் காலை ஏழரைக்கு எடுக்க வேண்டும். வீட்டார் கேட்டுக்கொண்டபடி நேற்று மாலையே வண்டியை அவர்கள் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தேன். ராத்திரி முழுக்கக் குன்னூர்ப் பனி. காலையில் கண்ணாடியில் படிந்திருந்ததைச் சுரண்டி எடுத்தேன். ஐயாவை ஏற்றினார்கள். மாலைகளை அடுக்கினார்கள். சாவியைத் திருகினேன். செல்ஃப் சுற்றியது, இன்ஜின் பிடிக்கவில்லை. பின்னால் குழாயிலிருந்து வெள்ளைப் புகை மட்டும் கிளம்பியது. சாம்பிராணி என்று நினைத்து ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஆறு முறைக்கு மேல் முயன்றால் பேட்டரி இறங்கிவிடும். "தள்ளுங்க" என்றேன். மூத்த மகன் கையிலிருந்த தீச்சட்டியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுத் தோளைக் கொடுத்தார். எட்டுப் பேர் தள்ளினார்கள். இறக்கத்தில் இரண்டாவது கியரில் இன்ஜின் பிடித்துக்கொண்டது.

இங்கேதான் தவறு செய்தேன். நிறுத்தினால் மறுபடி அணைந்துவிடும் என்ற பயத்தில் நிறுத்தாமல் ஓட்டிவிட்டேன். பக்கக் கண்ணாடியில் எல்லோரும் ஓடி வந்தது தெரிந்தது. முதலில் கத்திக்கொண்டு ஓடினார்கள், பிறகு கத்தாமல் ஓடினார்கள். சுடுகாட்டில் இருபது நிமிடம் நானும் தாமோதரன் ஐயாவும் மட்டும் இருந்தோம். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

மகன் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "எங்கப்பாவக் கடத்திட்டுப் போயிட்டியாய்யா?"

ஜனவரி 6, செவ்வாய்

எதிர்பார்த்தபடி செயலாளர் வரதராஜுலு ஷெட்டுக்கு வந்தார். தைலமரக் காலனி அமரர் ஊர்திக் கமிட்டியில் தலைவர் உண்டு, பொருளாளர் உண்டு. ஆனால் பேசுகிறவர் இவர் ஒருவர்தான்.

"ஏனுங்க நாகலிங்கம், முப்பது வருசம் பஸ் ஓட்டுனவர்னுதானுங்க உங்களப் போட்டோம்? காரணம் எழுத்துல வேணுமுங்க."

காரணம் இன்னும் தெரியாது என்றேன். அதையும் எழுத்தில் கேட்டார். எழுதிக் கொடுத்தேன்.

எனக்குப் புரிந்தவரை விஷயம் இது. எங்கள் ஊர்தி பதினோரு வருஷத்து டீசல் கார். பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டுப் பலகையும் மெத்தையும் போட்டிருக்கிறோம். டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்த, அந்தச் சூட்டில் டீசல் தானாகப் பற்ற வேண்டும். குளிரில் அந்தச் சூடு போதாது. அதற்காக நான்கு சிலிண்டருக்கும் பென்சில் பருமனில் ஆளுக்கொரு ஹீட்டர் பிளக். புத்தகத்தில் குளோ பிளக் என்று போட்டிருக்கும். சாவி போட்டதும் சில விநாடிகள் அது சிவக்கக் காய வேண்டும். மீட்டர் போர்டில் சுருள் வடிவ விளக்கு ஒன்று எரிந்து அணையும்; பிறகு செல்ஃப் அடிக்கலாம்.

அந்த விளக்கு ஒழுங்காக எரிந்து அணைகிறது. அதை நம்பித்தான் இத்தனை நாள் ஏமாந்தேன். விளக்கு எரிகிறது என்றால் விளக்குக்குக் கரண்ட் வருகிறது, அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கல், இன்ஜின் ஒருமுறை சூடானால் பிறகு நாள் முழுக்க நல்ல பிள்ளையாக ஸ்டார்ட் ஆகும். ஆகவே ஒரு நாளைக்கு ஒரு சோதனைதான். விடிந்ததும் செய்ய வேண்டும்.

ஜனவரி 7, புதன்

பேட்டரி 12.5 வோல்ட். குறை இல்லை. ஃபியூஸ் பட்டை நன்றாக இருக்கிறது.

குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, "என்ன கேஸு?" என்று பின்னாலிருந்து குரல். ரெஜினா சிஸ்டர். ஷெட்டுக்கு அடுத்த வீடு. பெரியாஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். தலையில் மப்ளர், ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர்.

"ஹீட்டர் பிளக் சர்க்யூட்டுங்க சிஸ்டர்."

"எப்ப சரியாகும்?"

"அவசரம் ஒண்ணுமில்லீங்களே. இப்ப யாரும்..."

"எனக்கு அவசரம் நாகலிங்கம். அடுத்தது நாந்தான்."

நான் ஸ்பேனரைக் கீழே போட்டேன். அவர் மழை வரும்போல இருக்கு என்பதுபோலச் சொன்னார். "புடவை எடுத்து வச்சாச்சு. போட்டோ பிரேம் போட்டாச்சு. கல்லறைல என்கூட வேலை பாத்த சிஸ்டர் லூர்து பக்கத்துல இடம் சொல்லியாச்சு. இந்த வண்டி ஒண்ணுதான் பாக்கி. தாமோதரனத் தள்ளுன மாதிரி என்னையத் தள்ளக் கூடாது. வண்டி சரியாச்சுன்னா நான் நிம்மதியாப் போயிடுவேன்."

ஜனவரி 8, வியாழன்

சிஸ்டர் ஒரு கேஸ் ஷீட் கொண்டுவந்து ஷெட் ஆணியில் மாட்டிவிட்டார். நோயாளி பெயர்: அமரர் ஊர்தி. வயது: 11. புகார்: காலையில் எழுந்திருப்பதில்லை. தேதி வாரியாக வோல்ட் எழுதக் கட்டம் போட்டிருக்கிறார்.

பிளக்குகளின் வயரைக் கழற்றி, மல்டிமீட்டரால் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மூன்று பிளக் ஒரு ஓமுக்குக் கொஞ்சம் கீழே காட்டின, அது சரி. நான்காவதில் முள் அசையவே இல்லை, உள்ளே கம்பி அறுந்திருக்கிறது.

"நாலாவது எக்ஸ்பயர்ட்" என்று சொல்லி சிஸ்டர் நேரத்தோடு குறித்துக்கொண்டார். 6.52.

அவருக்கு என்ன உடம்பு என்று கேட்டேன்.

"ஹார்ட் நல்லாத்தான் இருக்கு. மேல இருந்து கீழ கரண்ட் போக மாட்டேங்குது. நிமிசத்துக்கு முப்பத்தெட்டு அடிக்குது. பேஸ்மேக்கர் வைக்கணுமாம்."

"வச்சுக்கலாமேங்க சிஸ்டர்."

"பேட்டரி போட்டு ஓடற பொம்மையா நான்? அதுவுமில்லாம கோயமுத்தூர்ல அட்மிட் ஆகணும், பக்கத்துல ஒரு ஆள் இருக்கணும், ஃபார்ம்ல கையெழுத்துப் போடணும். தம்பி மஸ்கட்ல. யாரக் கூப்பிடறது? போதும், விடுங்க."

ஜனவரி 10, சனி

புது பிளக் மாட்டினேன். ஸ்டார்ட் ஆகவில்லை. ஒரு பிளக் போனால் வண்டி திணறும், புகையும். ஒரேயடியாக முரண்டு பிடிக்காது. வேறு கோளாறும் இருக்கிறது.

மாலை கமிட்டிக் கூட்டம். கோளாறு எங்கே என்று வரதராஜுலு ஓட்டெடுப்பு நடத்தினார். பேட்டரி என்று மூன்று பேர். பிளக் என்று நான்கு பேர். தாமோதரன் ஐயாவின் ஆவி என்று ஒருவர். இன்னொருவர் தன்னிடம் இருப்பது பெட்ரோல் வண்டி என்று சொல்லி நடுநிலை வகித்தார். பெரும்பான்மைப்படி கோளாறு பிளக்கில் இருப்பதாகத் தீர்மானம் நிறைவேறியது. பிளக்கை மாற்றிப் பார்த்தாயிற்றே என்றேன். அதைக் கூட்டத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டுமாம்.

ஜனவரி 12, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன். சிஸ்டர் வருவதற்குள் ஆறு மணிக்கே போனேன். நான்கு பிளக்கையும் இணைக்கிற தகட்டில் டெஸ்ட் லேம்ப்பை வைத்துவிட்டுச் சாவியைப் போட்டேன். உள்ளே, பிளக்குகளுக்குக் கரண்ட்டைத் திறந்துவிடுகிற ரிலே 'டிக்' என்றது. லேம்ப் எரியவில்லை. ரிலேவுக்குள் வருகிற முனையில் வைத்தால் எரிகிறது. வெளியே போகிற முனையில் இல்லை. உள்ளே தொடுமுனை கருகியிருக்கிறது. வேலை செய்வதுபோலச் சத்தம் மட்டும் கொடுத்துக்கொண்டு ஒரு சொட்டுக் கரண்ட்டும் கடத்தாமல் இருந்திருக்கிறது.

உறுதி செய்துகொள்ள, ஃபியூஸுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பிளக் தகட்டுக்குத் தடித்த வயர் ஒன்றைப் பத்து விநாடி கொடுத்தேன். சாவியைத் தொட்டதும் ஸ்டார்ட் ஆயிற்று.

ஏழு மணிக்கு சிஸ்டர் வந்து, "இன்னைக்கு எப்படி?" என்றார்.

"முன்னேற்றம் இல்லீங்க சிஸ்டர்" என்றேன். ரிலே வாங்குகிறவரை அது உண்மைதானே.

ஜனவரி 13, செவ்வாய்

மேட்டுப்பாளையம் போய் ரிலே வாங்கி வந்தேன். சட்டைப் பையில் இருக்கிறது. இரண்டு நட்டு, ஒரு சாக்கெட். ஐந்து நிமிட வேலை. நாளை மாட்டுவேன்.

ஜனவரி 14, புதன்

மழை. மாட்டவில்லை.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். நல்ல நாளில் இந்த வண்டியைத் தொட வேண்டாம். காலனியில் யாரும் இறக்கவில்லை.

ஜனவரி 16, வெள்ளி

மழை இல்லை. ஆனால் ஈரம் இருந்தது.

சிஸ்டரின் நாடி முப்பத்தாறு. கேஸ் ஷீட்டில் வண்டியின் வோல்ட்டுக்குப் பக்கத்தில் தன்னுடையதையும் எழுத ஆரம்பித்திருக்கிறார். ஒப்பிட்டுப் பார்க்க வசதியாம். என்ன கோளாறு என்று கேட்டார். வயரிங்கில் எங்கோ எர்த் சரியில்லை, தேட வேண்டும் என்றேன்.

"எத்தனை நாளாகும்?"

"மொத்த வயரையும் பிரிக்கணுமுங்க."

"அதுவரைக்கும் தாங்கணும்" என்று தன்னிடமே சொல்லிக்கொண்டு போனார்.

ஜனவரி 19, திங்கள்

இடது பக்க வயர் முழுவதையும் பிரித்தேன். நன்றாக இருந்தது. திரும்பச் சுற்றினேன்.

ஜனவரி 20, செவ்வாய்

வலது பக்கம். இதுவும் நன்றாக இருந்தது.

ஜனவரி 21, புதன்

கீழ்வரிசையில் ஒரு சாவு. அதிகாலையிலேயே வயர் கொடுத்து ஸ்டார்ட் செய்து, எடுக்கும்வரை மூன்று மணி நேரம் இன்ஜினை அணைக்காமல் வைத்திருந்தேன். எல்லாம் ஒழுங்காக நடந்தது. வரதராஜுலு கைகுலுக்கி, "சரியாயிருச்சுங்களா?" என்றார். இல்லை, இது தற்செயல் என்றேன்.

சிஸ்டர் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மாலையில் வந்து, "இன்னைக்கு எந்திரிச்சுதே?" என்றார்.

"ஜுரம் விட்டு விட்டு வர்ற மாதிரிங்க. நம்ப முடியாது."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். மாத்திரையை விழுங்காமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்ளும் நோயாளிகளை அவர் அப்படித்தான் பார்த்திருக்க வேண்டும்.

ஜனவரி 23, வெள்ளி

இன்று சிஸ்டர் ஊர்தியின் பின்பக்கம் ஏறிப் படுத்துப் பார்த்தார். மெத்தை மேடு பள்ளமாக இருக்கிறதாம். "காலுக்கு இடம் பத்தல. நான் அஞ்சடி ஆறு." இறங்கக் கை கொடுத்தேன். அவர் விரல்கள் பிளக் ஸ்பேனர்போலச் சில்லென்று இருந்தன. அந்தச் சமயம் பார்த்து வரதராஜுலு வந்துவிட்டார். கமிட்டி அனுமதியில்லாமல் உயிருள்ளவர்கள் பின்பக்கம் படுக்கக் கூடாது என்று நினைவுபடுத்தினார்.

ஜனவரி 24, சனி

ரிலேவைப் பையிலிருந்து எடுத்துத் துடைத்து, திரும்பப் பையில் வைத்தேன்.

ஜனவரி 27, செவ்வாய்

இப்போது மாலை நான்கு மணி. கோவையில் ஒரு மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். டைரி வண்டியிலேயே இருந்தது.

காலை ஆறே முக்காலுக்கு சிஸ்டர் ஷெட் வாசலில் நின்று, "இன்னைக்கு எத்தனை வோல்ட்?" என்று கேட்டார். பதில் சொல்ல நான் நிமிர்வதற்குள் அப்படியே சரிந்துவிட்டார். கூப்பிட்டேன், கண் திறக்கவில்லை. முகத்தில் தண்ணீர் தெளித்ததும் திறந்தார். "எத்தனை?" என்றார் மறுபடியும். தன் மணிக்கட்டைத் தானே பிடித்து எண்ணிவிட்டு, "இருபத்தெட்டு" என்றார்.

சத்தம் கேட்டு வரதராஜுலு ஓடி வந்தார். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். அது கோத்தகிரிப் பக்கம் ஒரு பிரசவத்துக்குப் போயிருக்கிறது, ஒரு மணி நேரமாகும் என்றார்கள். நான் ஊர்தியின் பின்கதவைத் திறந்தேன்.

"ஏனுங்க, விதிப்படி இது..." என்று தொடங்கிய வரதராஜுலு சிஸ்டரின் முகத்தைப் பார்த்தார். "தீர்மானம் பின்னாடி போட்டுக்கலாமுங்க. கால் பக்கம் நான் புடிக்கறேன், தூக்குங்க."

படுக்க வைத்தோம். "இது ஸ்டார்ட் ஆகாதுங்களே!" என்று அவர் அலறினார். நான் பானெட்டைத் திறந்து, பையிலிருந்து ரிலேவை எடுத்து மாட்டினேன். ஒரு நட்டு கீழே உருண்டுவிட்டதால் ஐந்து நிமிட வேலைக்கு ஆறு நிமிடம் ஆயிற்று. சாவியைப் போட்டேன். சுருள் விளக்கு எரிந்தது. அது அணைகிறவரை காத்திருக்க வேண்டும். ஏழெட்டு விநாடிகள். என் வாழ்க்கையில் எந்த பஸ் ஸ்டாண்டிலும் இவ்வளவு நேரம் காத்திருந்ததில்லை. அணைந்தது. செல்ஃப் அடித்தேன். முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. புகை இல்லை.

பக்கத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் ஊசி போட்டார். "காத்திருக்க வேண்டாம், இதே வண்டியிலேயே உடனே கீழே கொண்டு போங்க" என்று, ஒரு இளம் நர்ஸை சலைனோடு ஏற்றி அனுப்பினார். மலைப்பாதையில் எங்களுக்குக் கிடைத்த மரியாதை எந்த ஆம்புலன்ஸுக்கும் கிடைக்காது. லாரிகள் ஒதுங்கின. பைக்கில் போனவர்கள் ஹெல்மெட்டைக் கழற்றினார்கள். ஒரு வளைவில் போலீஸ்காரர் விறைப்பாக நின்றார். ஊசியில் தெளிந்திருந்த சிஸ்டர் உள்ளிருந்து கையசைத்தார். அந்தப் போலீஸ்காரர் என்ன ஆனார் என்று திரும்பிப் பார்க்க எனக்கு நேரமில்லை.

பின்னாலிருந்து பேச்சு கேட்டுக்கொண்டே வந்தது. சொட்டு வேகம் அதிகம் என்று நர்ஸைத் திட்டினார். பிறகு என் முறை.

"நாகலிங்கம், அந்த சாமான் எப்ப வாங்குனீங்க?"

"பொங்கலுக்கு முந்திங்க சிஸ்டர்."

"ரெண்டு வாரம் ஆச்சு."

"ஆமாங்க."

"ஏன் மாட்டல?"

"மழைங்க."

"ரெண்டு வாரமாவா?"

கொண்டை ஊசி வளைவு வந்தது. நல்லவேளை.

மருத்துவமனை வாசலில் காவலாளி குறுக்கே கை நீட்டி நிறுத்தினார். "பாடி எடுக்கறதுன்னா பின் கேட்டுங்க."

"எடுக்க வரல. குடுக்க வந்திருக்கேன்."

"யாரு செத்தது?"

"இன்னும் இல்ல" என்று பின்னாலிருந்து சிஸ்டர் சொன்னார். காவலாளி கேட்டைத் திறந்ததையும் விசில் ஊதியதையும் ஒரே நேரத்தில் செய்தார்.

டாக்டர் பார்த்துவிட்டு, இன்றே பேஸ்மேக்கர் வைக்க வேண்டும் என்றார். சிஸ்டர் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"பேட்டரி எத்தனை வருசம் வரும்?"

"பத்து வருஷம் வரும்மா."

சிஸ்டர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். என் சட்டையில் ஆயில், கையில் அவருடைய செருப்பு. ஏன் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை.

"அப்ப பத்து வருசத்துக்கு இந்த ஆளு வயரப் பிரிச்சு பிரிச்சுச் சுத்த வேண்டியதில்ல. வைங்க டாக்டர்" என்றார்.

ஃபார்ம் கொண்டுவந்தார்கள். உறவு என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். "டிரைவர்னு எழுதுங்க, பொய் வேண்டாம்" என்றார் சிஸ்டர். எழுதினேன். என்ன வண்டி என்று அவர்கள் கேட்கவில்லை.

உள்ளே கொண்டுபோய் ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது.

ஜனவரி 27, மாலை 5.10

நன்றாக முடிந்தது. நாடி எழுபது. டைரியில் வேறு எதுவும் எழுத வரவில்லை. எழுபது.

ஜனவரி 29, வியாழன்

வண்டியைப் பற்றிப் புகார். வாசலுக்கு எதிரே அமரர் ஊர்தி மூன்று நாளாக நிற்பதால் நோயாளிகள் கலங்குகிறார்களாம். இரண்டாம் மாடியில் ஒருவர் ஜன்னல் வழியே பார்த்துவிட்டுத் தானே டிஸ்சார்ஜ் கேட்டிருக்கிறார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "யாருக்காகக் காத்திருக்கீங்க?" என்றார். இருபத்தொன்றாம் நம்பர் பேஷண்டுக்காக என்றேன். அவர் வியர்த்துப்போய்ப் போனை எடுத்து, இருபத்தொன்றுக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்தார். இட்லி போதவில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருப்பதாகப் பதில் வந்தது. வண்டியைப் பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்தினேன்.

ஜனவரி 31, சனி

வரதராஜுலு போன் செய்தார். அவசரக் கூட்டத்தில் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியதாம்: 'உயிருடன் இருப்பதைக் காரணம் காட்டி எவருக்கும் ஊர்தி மறுக்கப்படாது.' இரண்டு முறை படித்துக் காட்டினார். எழுத்தில் வேண்டுமா என்றும் கேட்டார்.

பிப்ரவரி 2, திங்கள்

டிஸ்சார்ஜ். டாக்ஸி பிடிக்கட்டுமா என்று கேட்டேன். "உக்காந்துட்டு வர முடியாது, படுத்துட்டு வரத்தான் வசதி" என்று சிஸ்டர் தானே பின்கதவைத் திறந்துகொண்டார். காலுக்கு இடம் வேண்டுமென்று பலகையைப் பின்னுக்குத் தள்ளிப் போட்டிருந்தேன். அவர் ஏறிப் படுத்தார். காலை நீட்டிப் பார்த்தார்.

மலை ஏறத் தொடங்கியதும் தூங்கிவிட்டார். கண்ணாடியில் அடிக்கடி பார்த்துக்கொண்டேன். போர்வை ஏறி இறங்கியது. பர்லியாறில் வண்டியை ஓரம் கட்டி, கடைக்காரரிடம் இரண்டு டீ சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், கண்ணாடி வழியே போர்வையைப் பார்த்தார். கூட வேறு யாரும் இல்லை.

"ரெண்டுங்களாண்ணா?" என்றார் மெதுவாக. "மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். நீங்க ஒண்ணு குடிங்க, போதும்."

அதற்குள் பின்கதவு திறந்தது.

"எனக்கு சக்கரை வேண்டாம்" என்றார் சிஸ்டர்.

கடைக்காரர் டீயைத் தூக்கி ஆற்றிக்கொண்டிருந்தார். மேலே இருந்த கை மேலேயே நின்றது. டீ முழுவதும் தரையில் கொட்டியது. புதிதாகப் போட்டுக் கொடுத்தபோது டம்ளரைக் கையில் தராமல் பெஞ்சில் வைத்துவிட்டு விலகி நின்றார். சிஸ்டர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தார்.

சூடு போதவில்லையாம். இன்னொன்று சொன்னேன்.